ஊருக்குத் தகவல் மையம்: முதல் காசை எதில் போடுவது?

#1 செம்மண்

வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்போதான் முதல்ல எழுதுறேன்.

ஒன்பது ஊர் சேர்ந்த ஒரு கூட்டமைப்புக்கு நான் ஒருங்கிணைப்பாளர். பக்கத்து நகரத்துக்குப் போய் வந்தா அன்னிக்கு வேலை போச்சு. செல்போன் சிக்னல் மூணு ஊர்ல நல்லா இருக்கு, நாலு ஊர்ல மேட்டுல ஏறினா கிடைக்கும், ரெண்டு ஊர்ல சுத்தமா இல்ல. இப்போ ஒரு நல்கை (திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை) வந்திருக்கு. தகவல் தொடர்பு மூலமா ஊரை மேம்படுத்தணும், ஒரு வருஷத்துல செலவு பண்ணிக் கணக்குக் காட்டணும்.

செயற்குழுவுல மூணு கட்சி ஆயிடுச்சு. நடு ஊர்ல ஒரு அறை எடுத்துப் பத்து கணினி வைக்கணும்னு ஒரு தரப்பு. எல்லா ஊருக்கும் வைஃபை போடணும்னு இன்னொரு தரப்பு. ஒரு செயலி செஞ்சு எல்லார் போன்லயும் ஏத்திட்டா போதும்னு மூணாவது. எனக்கு மூணுமே உறுத்துது. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல.

இருபது வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல ஒரு மையம் வந்தது. ரெண்டு வருஷம் ஓடிச்சு, அப்புறம் பூட்டியாச்சு. போன வாரம் சாவி தேடி வாங்கித் திறந்து பார்த்தேன். மானிட்டர் மேல விதை மூட்டை அடுக்கியிருக்கு. விசைப்பலகையைக் கரையான் அரிச்சிருக்கு. சுவத்துல மட்டும் அந்தக் காலத்து அட்டவணை அப்படியே ஒட்டியிருக்கு: எட்டு மணிக்கு வானிலை, ஒன்பது மணிக்கு விலை நிலவரம், பத்து மணிக்கு அரசுத் திட்டங்கள். அழகான கையெழுத்து. யாரோ ஆசை ஆசையா எழுதியிருக்காங்க. அதைப் பார்த்ததுல இருந்து மனசு கேக்கல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, முதல் காசை எதுல போடலாம்?

#2 பழைய_லைன்மேன்

அம்மா, அந்த அறையில யூபிஎஸ் பெட்டி இருந்தா திறந்து பேட்டரியைப் பாருங்க. உப்புப் பூத்துக் கிடக்கும். மையம் பூட்டுறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அது செத்திருக்கும். எத்தனை இடத்துல பார்த்திருக்கேன்.

முப்பது வருஷத்துக்கு மேல எக்ஸ்சேஞ்சு, கம்பம், கேபிள்னு ஓடினவன் நான். ஊர்ப்புறத்துல கருவியைக் கொல்றது கரண்டு. வந்து வந்து போற கரண்டு, ஏறி இறங்குற கரண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையோட கிராமப்புறக் கண் பரிசோதனை மையங்களுக்கு கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரங்க தொலைதூர வைஃபை இணைப்பு போட்டுக் கொடுத்தாங்க. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில உட்கார்ந்து, மையத்துல இருக்கிற நோயாளியோட வீடியோவுல பேசுவார். அந்தப் பொறியாளர்களே பின்னாடி எழுதினது, தாங்கள் பார்த்த கோளாறுல பெரும்பாலானது மின்சாரத்தோட தரத்தால வந்ததுன்னு. வோல்டேஜ் இறங்கினா ரௌட்டர் முழுசா அணையாது, முழுசா ஓடவும் செய்யாது. அந்த அரைகுறை நிலையில உள்ள இருக்கிற மென்பொருள் கெட்டுப் போகும், இல்ல பெட்டி அப்படியே உறைஞ்சு நிக்கும். அதுக்கு அவங்க கண்ட வைத்தியம் என்ன தெரியுமா? வோல்டேஜ் குறைஞ்சா தானா துண்டிச்சு, சரியானதும் திரும்பச் சேர்க்கிற ஒரு சின்ன சர்க்யூட்டு. உள்ளங்கையில அடங்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். 1984-ல சி-டாட்ங்கிற அரசுத் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையத்தை ஆரம்பிச்சப்போ, அதை வழிநடத்தின பொறியாளர் சாம் பிட்ரோடாவோட ஆளுங்க கிராமத்துக்குன்னே 128 லைன் எக்ஸ்சேஞ்சு ஒண்ணு செஞ்சாங்க. ஏசி வேண்டாம். தூசியிலயும் வெக்கையிலயும் ஓடணும். அதுதான் அதோட பெருமை. வெளிநாட்டுச் சரக்கு எல்லாம் குளுகுளு அறை கேட்டப்போ இது சாதாரணக் கட்டடத்துல நின்னு ஓடிச்சு. முதல்ல எங்க வைக்கப் போறோம்னு பார்த்துச் செஞ்சதால வந்த பலன் அது.

முதல் காசு எர்த் கம்பிக்கும், இடிதாங்கிக்கும், நல்ல பேட்டரிக்கும். பேட்டரியைப் பாதிக்கு மேல வடிய விடாம பார்த்துக்க ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுங்க. மீதியை அப்புறம் பேசலாம்.

#3 கம்பி_இல்லா

லைன்மேன் ஐயா சொன்னதுல ஒரு வார்த்தை மாத்த மாட்டேன். நான் வைஃபை தரப்புக்காக வக்காலத்து வாங்க வந்திருக்கேன். கம்பெனிக்காரன் வருவான்னு காத்திருக்க வேண்டிய அவசியம் இல்ல.

நேபாளத்துல மியாக்தி மாவட்டத்துல நாங்கின்னு ஒரு மலைக் கிராமம். ரோடு கிடையாது, போன் லைன் கிடையாது. மகாபீர் புன்கிற ஆசிரியர் 2002 வாக்குல தன்னார்வலர்களை வச்சு வைஃபை கருவியால இணைப்பு கொண்டுவந்தார். மரத்து உச்சியில ஆன்டெனா கட்டித்தான் முதல் ரிலே (சிக்னலை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்புற நிலையம்). 2007-ல அவருக்கு மகசேசே விருது கிடைச்சது. ஸ்பெயின்ல கட்டலோனியாவுல 2004-ல விவசாயப் பகுதிக்காரங்க தொடங்கின குயிஃபி.நெட்ங்கிற சமூக இணைய வலை இப்போ 30,000 முனையத்துக்கு மேல வளர்ந்திருக்கு. இங்கிலாந்துல லங்காஷயர் பக்கம் 2011-ல ஒரு சமூக நிறுவனம் தொடங்கினாங்க, பேர் பீ-ஃபோர்-ஆர்-என். நிலக்காரங்க தங்கள் வயல் வழியா ஃபைபர் போக இலவசமா வழி விட்டாங்க, ஊர்க்காரங்களே டிராக்டர் ஓட்டி, மண்வெட்டி பிடிச்சுப் பள்ளம் தோண்டினாங்க. வீட்டுக்கு நொடிக்கு 1 ஜிகாபிட் வேகம். நகரத்துல பல பேருக்கு அது கிடையாது.

சிக்னலே இல்லாத அந்த ரெண்டு ஊருக்கு உயரமான இடத்துல இருந்து நேர்ப்பார்வை இருக்கான்னு பாருங்க. கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ங்கிற வைஃபை அலைவரிசையில 10 கிலோமீட்டர் தூரம்னா நடுவழியில அலை விரியுற வட்டத்தோட ஆரம் 17 மீட்டருக்கு மேல. அதுல அறுபது சதவீதமாவது தடையில்லாம இருக்கணும். இன்னிக்கு இடுப்பளவு நிக்கிற மரம் அஞ்சு வருஷத்துல உங்க லிங்க்கை மறைச்சிடும். சர்வே பண்ணும்போது மரத்தையும் எழுதிக்கோங்க.

#4 வரப்பு

விவசாயின்னு ஒருத்தனாவது பேசணும் இல்லையா. எங்களுக்கு வேண்டியது விலை. எந்தச் சந்தையில இன்னிக்கு என்ன விலைன்னு தெரிஞ்சா வியாபாரி எங்க தலையில மிளகாய் அரைக்க முடியாது.

கேரளத்து மீனவர்களைப் பத்தி ராபர்ட் ஜென்சன் 2007-ல எழுதின ஆய்வு இருக்கு. 1997-ல இருந்து 2001-க்குள்ள கடலோரத்துல செல்போன் கோபுரம் ஒவ்வொண்ணா வந்தது. அதுக்கு முன்னாடி ஒரு கரையில மத்தி மீனை வாங்க ஆளில்லாம கொட்டுவாங்க, பக்கத்துக் கரையில வாங்க வந்தவன் மீன் இல்லாம திரும்புவான். போன் வந்ததும் கடல்லயே விலை கேட்டு, எந்தக் கரைக்கு ஓட்டணும்னு முடிவு பண்ணாங்க. மீன் வீணாப் போறது ஏறக்குறைய நின்னுபோச்சு. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடிச்சு, வாங்குறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சுது. ரெண்டு பக்கமும் லாபம். இதைவிட என்ன ஆதாரம் வேணும்?

#5 கணக்குப்புள்ளி

வரப்பு, அந்த ஆய்வு அருமையான ஆய்வு. நானும் வகுப்புல சொல்லிக் கொடுக்கிறேன். ஆனா அதோட சேர்த்து இன்னொண்ணையும் சொல்லிக் கொடுக்கிறேன்.

மகாராஷ்டிரத்துல 100 கிராமத்துல விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியில விலை, வானிலை, பயிர் ஆலோசனை அனுப்பிப் பார்த்தாங்க. ஃபாஃப்சாம்ப்ஸ், மின்டன் ரெண்டு பேரும் 2012-ல வெளியிட்ட ஆய்வு. விவசாயிக்குக் கிடைச்ச விலையில கணக்குல எடுக்கிற மாதிரி எந்த வித்தியாசமும் இல்ல. அதே தகவல், அதே போன். ஏன் இப்படி?

மீனவர்கிட்ட படகு இருக்கு. விலை தெரிஞ்ச நிமிஷம் திசையைத் திருப்பலாம். மீனும் மறுநாள் வரைக்கும் தாங்காது, அதனால விலை கரைக்குக் கரை தாறுமாறா மாறும், தகவலுக்கு மதிப்பு அதிகம். விவசாயி நிலைமை வேற. வண்டிக்கு இன்னொருத்தர் கையை எதிர்பார்க்கணும். விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்த அதே வியாபாரிக்குத்தான் விளைச்சல் போகணும்னு பேச்சு இருக்கும். அங்க விலை தெரிஞ்சு என்ன பண்றது? வயித்தெரிச்சல்தான் மிச்சம்.

நைஜர் நாட்டுல ஜென்னி ஏக்கர் பண்ணின ஆய்வுல தானியச் சந்தைகளுக்கு இடையில விலை வித்தியாசம் 10-லிருந்து 16 சதவீதம் குறைஞ்சது. ஆனா அங்க போனைப் பயன்படுத்தினது பெரும்பாலும் வியாபாரிங்க. ஊருக்கு ஊர் போய் விலை கேக்குற செலவு அவங்களுக்கு மிச்சமாச்சு.

அதனால செம்மண், "விலை நிலவரம்"னு பலகையில எழுதுறதுக்கு முன்னாடி, விலை தெரிஞ்சா எத்தனை பேரால வேற இடத்துல விக்க முடியும்னு கேட்டுப் பாருங்க. கூட்டமைப்பே ஒரு வண்டியைப் பொதுவா அமர்த்தினா, அப்போ அந்தத் தகவலுக்கு உயிர் வரும்.

#6 வரப்பு

கடன் விஷயம் உண்மைதான். என் அப்பா அப்படித்தான் கட்டுப்பட்டுக் கிடந்தார். பேரம் பேசும்போது விலை தெரிஞ்சிருந்தா ஒரு தைரியம் வரும்னு இன்னும் நினைக்கிறேன், ஆனா வண்டி யோசனையை ஏத்துக்கிறேன்.

#7 ஏட்டுச்சுவடி

எல்லோரும் இவ்வளவு நல்லா எழுதுகிறீர்கள், எனக்குக் கொஞ்சம் பழங்கதை சொல்ல அனுமதி கொடுங்கள்.

1985-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அமைத்த மெய்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. அப்போது டோக்கியோ என்ற ஒரே நகரத்தில் இருந்த தொலைபேசிகள் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் இருந்ததைவிட அதிகம். அதைப் படித்து உலகமே வெட்கப்பட்டது. அதற்குப் பிறகு இணைப்பு எங்கும் போய்விட்டது என்றே சொல்லலாம். இன்று அலைபேசி இணையம் எட்டாத இடத்தில் வாழ்பவர்கள் உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். ஆனால் சிக்னல் இருந்தும் பயன்படுத்தாதவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நம் சிக்கல் இப்போது அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறது. செம்மண் சொல்லும் மூன்று ஊர், நான்கு ஊர், இரண்டு ஊர் கணக்கும் அதைத்தான் காட்டுகிறது.

புதுச்சேரிப் பகுதியில் 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் கிராமத் திட்டம் தொடங்கியது. வில்லியனூரில் நடுமையம். அங்கிருந்து ஊர்களுக்குக் கம்பியில்லா வழியில் தகவல் போகும். மின்சாரம் நம்ப முடியாததால் சூரிய ஒளித் தகடு. வீராம்பட்டினம் மீனவர் கிராமத்துக்கு என்ன போனது தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பு. இங்கிலீஷில் வரைபடமாக வருவதை மையத்துப் பெண் தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசிப்பார். கட்டுமரம் தள்ளப் போகிறவர் கரையில் நின்றபடியே கேட்பார். அவர் கணினியைத் தொடவே இல்லை. தொட வேண்டிய தேவையும் இல்லை. அந்தத் திட்டத்தில் மையத்தைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களே நடத்தினார்கள். இடத்தை ஊர் தர வேண்டும், எல்லோரும் தடையின்றி உள்ளே வர முடிகிற இடமாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டார்கள்.

2004 டிசம்பர் 26. அதே வட்டாரத்தில் நல்லவாடு என்ற ஊர். சிங்கப்பூரில் இருந்த ஓர் ஊர்க்காரர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். செய்தி கைமாறி, அந்தத் தகவல் மையத்தின் ஒலிபெருக்கிக்குப் போனது. ஊரே கடலை விட்டு விலகி ஓடியது. படகுகளும் வீடுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். ஒரு போன் அழைப்பு, ஒரு ஒலிபெருக்கி. அதைவிட முக்கியமாக, அந்தக் குரல் கேட்டால் உடனே நம்பலாம் என்று பல ஆண்டு அலை உயரம் வாசித்து வாசித்துச் சம்பாதித்த பழக்கம். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

இலங்கையில் கொத்மலை சமூக வானொலியில் 1999 வாக்கில் இன்னொரு முறை செய்தார்கள். நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர் நிகழ்ச்சியிலேயே இணையத்தில் தேடி, தெரிந்தவர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிங்களத்தில் விளக்குவார். ஊரில் ஒரே ஒரு இணைப்பு இருந்தாலும் கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில்.

#8 செம்மண்

ஏட்டுச்சுவடி ஐயா, ரெண்டு தடவை படிச்சேன். எங்க பூட்டின மையத்துல எது இல்லாம போச்சுன்னு இப்போ லேசா புரியுது. அந்த அட்டவணையில எல்லாமே உள்ள இருந்து வெளிய போற தகவல். ஊர்க்காரங்க கேக்குறதுக்குன்னு ஒரு மணி நேரம் கூட எழுதல.

ஆனா ஒரு கவலை. எங்க பகுதியில படிக்கத் தெரியாத பெரியவங்க நிறைய. பெண்கள்கிட்ட சொந்தப் போன் இருக்கிறது ரொம்பக் குறைவு. வீட்டுக்கு ஒரு போன், அது அவர் சட்டைப் பையில.

#9 குரல்பெட்டி

அக்கா, நான் பேச வேண்டிய இடம் வந்துடுச்சு.

படிக்கத் தெரியாதவங்களுக்குக் குரல்தான். சத்தீஸ்கர்ல 2010-ல இருந்து சிஜிநெட் ஸ்வரா இருக்கு, சுப்ரான்ஷு சௌத்ரி தொடங்கினது. ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தா கணினி திரும்பக் கூப்பிடும், அதனால பேசுறவங்களுக்குச் செலவு இல்ல. ஒண்ணை அழுத்தினா உங்க சேதியைப் பதிவு பண்ணலாம், ரெண்டை அழுத்தினா மத்தவங்க சொன்னதைக் கேக்கலாம். கோண்டி மொழியிலயும் பேசலாம். செய்தித்தாள் எட்டிப் பார்க்காத மொழி அது. கைபம்பு கெட்டுப் போச்சு, கூலி வரல, வாத்தியார் வரலன்னு ஜனங்க பதிவு பண்ணுவாங்க. நடுவர்கள் சரிபார்த்து வெளியிடுவாங்க. சம்பந்தப்பட்ட அதிகாரி நம்பரையும் சேதியோடவே சொல்லுவாங்க, கேக்குறவங்க அதிகாரிக்குப் போன் போடுவாங்க. பல குறை அப்படித் தீர்ந்திருக்கு.

நான் வேலை பார்த்த ஒரு குரல் சேவையில நடந்தது. முதல் மூணு மாசம் ஆம்பளைக் குரல் மட்டும்தான். விளம்பரம் பண்ணினோம், சுவரொட்டி ஒட்டினோம், ஒண்ணும் நடக்கல. அப்புறம் களப்பணிக்குப் போற ஒரு அம்மா, தன் போனைப் பெண்கள் குழுக் கூட்டத்துல நடுவுல வச்சு ஒலிபெருக்கியைப் போட்டாங்க. ஒரு பாட்டி குனிஞ்சு, போனுக்கு ரொம்பக் கிட்ட வாயை வச்சு, சத்தமா, "யார்ரா கேக்குறது? எம் மாட்டுக்கு மடி வீங்கிக் கிடக்கு, பதில் சொல்லு"ன்னாங்க. ரெண்டு நாள்ல கால்நடை மருத்துவர் பதில் பதிவு பண்ணினார். அடுத்த கூட்டத்துல அதே போனை வச்சுக் கேட்டாங்க. பாட்டி தன் குரல் போன்ல இருந்து வர்றதைக் கேட்டுட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க. அதுக்கு மறுநாள்ல இருந்து பெண்கள் குரல் வர ஆரம்பிச்சது, பெரும்பாலும் மதியம் ரெண்டுல இருந்து நாலு. வீட்டுல போன் சும்மா கிடக்கிற நேரம்.

செயலின்னு பேசுறவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க: அது யார் கையில இருக்கிற போன்ல ஏறும்?

பதில் வர்றது தாமதமாகக் கூடாது. கேள்வி கேட்டு ஒரு வாரம் பதில் இல்லன்னா அந்த ஆள் திரும்பக் கூப்பிட மாட்டாங்க. நாங்க தோத்த இடமும் அதுதான். ஒரு துறையில இருந்து பதில் வாங்க அலைஞ்சு அலைஞ்சு, கடைசியில பெட்டி நிறையக் கேள்வியும் வெறும் மௌனமுமா நின்னுச்சு. இன்னும் மனசு உறுத்துற விஷயம்.

#10 மாலைவெயில்

நான் கிராமப்புறச் செவிலியர். குரல்பெட்டி சொன்ன கடைசிப் பத்தி என் வேலைக்கும் பொருந்தும்.

காணொளி மருத்துவம்னா திரையில டாக்டர் முகம் தெரிஞ்சா போதும்னு நினைக்கிறாங்க. லைன்மேன் ஐயா சொன்ன கண் மையத்துல உண்மையில வேலை நடக்கிறது இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பயிற்சி பெற்ற பணியாளராலதான். அவங்க கண்ணைப் பரிசோதிச்சு, படம் எடுத்து, கண்ணாடி பவர் பார்த்து வச்சாத்தான் டாக்டரோட சில நிமிஷம் பயன்படும். எந்த நோயாளியை அறுவைக்கு அனுப்பணும், யாருக்குக் கண்ணாடியோட முடிஞ்சிடும்னு அங்கேயே தெளிவாகும். யாரும் வெறுங்கையோட திரும்புறதில்ல.

எங்க இடத்துல ஒரு தடவை விலையுயர்ந்த காணொளிக் கருவி வந்தது. அதோட ஆள் வரல. எனக்கு இருக்கிற வேலையோட அதையும் பாருன்னாங்க. தூசி துடைச்சதோட சரி. ஆனா ஒரு சாதாரணப் போன்ல, பெரிய ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு பார்க்கிற ஒரு மருத்துவரோட நம்பர் எங்கிட்ட இருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பாங்க. "இப்போவே அனுப்பு, நான் வாசல்ல ஆளை நிறுத்துறேன்"னு சொல்லுவாங்க. அந்த ஒரு நம்பரால பிழைச்ச தாய்மாரை நான் கையில தொட்டிருக்கேன். எடுக்கிற ஆள் இருந்தாத்தான் அது இணைப்பு.

#11 கம்பி_இல்லா

எல்லாரும் ஆள், ஆள்னு சொல்றீங்க, ஒத்துக்கிறேன். அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறது? ஒரு வருஷம் முடிஞ்சதும் நல்கை நிக்கும். அப்போ?

#12 கணக்குப்புள்ளி

சரியான கேள்வி. வருமானத்தை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு வங்கதேசம் காட்டுது. 1997-ல கிராமின்ங்கிற சிறுகடன் அமைப்பு ஏழைப் பெண்களுக்குக் கடன்ல செல்போன் கொடுத்து, நிமிஷக் கணக்குல அழைப்பு விக்க வச்சாங்க. ஊருக்கே ஒரு போன் இருந்த காலத்துல அந்தப் பெண்களுக்கு நல்ல வருமானம், ஊர்ல மரியாதை. எல்லார் கையிலயும் போன் வந்ததும் அந்தத் தொழில் கரைஞ்சுபோச்சு. கருவியை வாடகைக்கு விட்டு வாழுற தொழிலுக்கு ஆயுசு கம்மி.

கென்யாவுல 2007-ல வந்த எம்-பெசாங்கிற செல்போன் பணச் சேவையோட முகவர்கள் நிலைச்சாங்க, ஏன்னா அவங்க வித்தது பணத்தைப் போட எடுக்கிற சேவை. சூரி, ஜாக் ரெண்டு பேரும் 2016-ல எழுதின ஆய்வு, அதனால 1,94,000 குடும்பம் வறுமையை விட்டு வெளிய வந்ததுன்னு கணக்கிடுது. பெண்கள் தலைமையில இருக்கிற குடும்பங்கள்ல பலன் இன்னும் அதிகம்.

என் எண்ணம்: ரெண்டு கால்ல நிக்கணும். விண்ணப்பம், பணப் பரிமாற்றம், அச்சுன்னு கட்டணம் வாங்கக்கூடிய வேலை ஒரு கால். கூட்டமைப்பு தன் வரவுல இருந்து ஒதுக்குற பங்கு இன்னொரு கால். வானிலையைக் கேக்க யாரும் காசு கொடுக்க மாட்டாங்க, கொடுக்கவும் கூடாது.

#13 பழைய_லைன்மேன்

பல நாட்டுல தொலைபேசிக் கம்பெனிகள் வருமானத்துல ஒரு பங்கைக் கிராமச் சேவைக்குன்னு அரசு வாங்குது. இந்தியாவுல அதுக்கான நிதி 2002-ல வந்தது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துல டிஜிட்டல் பாரத் நிதின்னு பேர் மாறிச்சு. அந்தப் பணம் கேபிளுக்கும் கோபுரத்துக்கும் சுலபமாப் போகுது. பேட்டரிக்குத் தண்ணி ஊத்துற ஆளுக்கும் போனை எடுக்கிற பெண்ணுக்கும் போக மாட்டேங்குது. சம்பளத்தைச் செலவுன்னு எழுதுறாங்க, கருவியைச் சொத்துன்னு எழுதுறாங்க. என் வேலைக் காலம் பூரா நான் சண்டை போட்டது இதுக்குத்தான்.

#14 செம்மண் (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கணும். எதையும் வாங்காம முதல்ல ஒரு வேலை பண்ணினேன். ஒன்பது ஊருக்கும் ஒன்பது நோட்டு வாங்கினேன். ஊருக்கு ஒரு பெண், ஏற்கனவே எல்லாரும் தேடிப் போய்க் கேக்குற ஆளாப் பார்த்து, கையில கொடுத்தேன். யார் என்ன கேட்டாலும் எழுதணும், யார்கிட்ட பதில் கிடைச்சதுன்னும் எழுதணும். அவ்வளவுதான். எழுதின நாளுக்குக் கூலி.

நேத்து எல்லா நோட்டையும் தரையில பரப்பி வச்சுப் படிச்சோம். விலை, வானிலை எல்லாம் இருக்கு. ஆனா பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வந்த கேள்வி எதுன்னா: "இன்னிக்கு ஆள் இருப்பாரா?" அலுவலகத்துல கையெழுத்துப் போடுறவர் இருப்பாரா. செவிலியர் வருவாங்களா. கால்நடை மருத்துவர் எந்த ஊர்ல இருக்கார். வங்கியில சர்வர் வேலை செய்யுதா. ஒரு நோட்டுல ஒரு வரி: "மூணாவது தடவை நடந்து போய் ஆள் இல்லன்னு திரும்பி வந்தாங்க. கைக்குழந்தையோட." பதில் கிடைச்ச இடம்கிற பத்தியில ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாங்க.

செயற்குழுவுல அந்தப் பக்கத்தை உரக்க வாசிச்சேன். கணினி தரப்பு, செயலி தரப்பு ரெண்டும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

முடிவு இப்படி ஆயிருக்கு. ஒன்பது பெண்களுக்கும் ரெண்டு வருஷச் சம்பளத்தை முதல்ல ஒதுக்கிட்டோம், நல்கை கொடுத்தவங்ககிட்ட பேசி அதுக்கு ஒப்புதல் வாங்கியாச்சு. காலையில ஏழு மணிக்கு நடு ஊர்ல இருக்கிறவங்க ஒவ்வொரு இடத்துக்கும் போன் போட்டு யார் எங்க இருப்பாங்கன்னு கேட்டு, ஏழரைக்குக் குரல் பெட்டியில பதிவு பண்ணுவாங்க. மிஸ்டு கால் கொடுத்தா கேக்கலாம். சிக்னல் இல்லாத ரெண்டு ஊருக்குக் கம்பி_இல்லா தம்பி சொன்ன மாதிரி லிங்க், அங்க ஒலிபெருக்கி. லைன்மேன் ஐயா சொன்ன எர்த் கம்பி போடாம எந்தப் பெட்டியையும் மாட்ட மாட்டோம். வண்டி விஷயத்தை அறுவடைக்கு முன்னாடி முடிவு பண்ணணும்.

#15 குரல்பெட்டி

அக்கா, அந்த ஏழரை மணிப் பதிவுல முந்தின நாள் கேள்விக்கான பதிலையும் சேர்த்துடுங்க. பதில் கிடைக்கலன்னா, கிடைக்கல, யார்கிட்ட கேட்டிருக்கோம்னு அதையாவது சொல்லச் சொல்லுங்க.

#16 பழைய_லைன்மேன்

ஒலிபெருக்கி மாட்டுற அன்னிக்கு நானும் வரேன் அம்மா. கம்பம் ஏற உடம்பு விடாது, கீழ நின்னு சொல்லித் தர்றேன். அந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் ஒரு மல்டிமீட்டர் பிடிச்சு வோல்டேஜ் பார்க்கக் கத்துக் கொடுத்துட்டுத்தான் கிளம்புவேன்.

#17 செம்மண்

வாங்க ஐயா. பழைய மையத்தைத்தான் சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்கோம். விதை மூட்டையை எல்லாம் எடுத்தாச்சு. அந்தப் பழைய அட்டவணையை எழுதினவங்க யாருன்னு தெரிஞ்சது. நோட்டு எழுதுற ஒன்பது பேர்ல ஒருத்தங்களோட அம்மா. புது அட்டவணையையும் அவங்களையே எழுதச் சொல்லியிருக்கோம். எட்டு மணிக்கு நேரா இப்போதைக்கு "உங்க கேள்வி"ன்னு மட்டும் எழுதி வச்சிருக்காங்க.